ஹார்மோன் ரிப்போர்ட்: மேஜையின் இந்தப் பக்கம்

தைராய்டு ரிப்போர்ட்டை நீட்டி, "இந்த ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறதே, என்ன அர்த்தம்?" என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள்? அதற்கு முன் என்ன மாத்திரை போட்டீர்கள்? கூடவே வேறு எதைப் பார்த்தார்கள்? இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் எண்ணையே பார்ப்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். எண் கையில் இருக்கும்போது கேள்வி எதற்கு என்று தோன்றும்தான்.

நான் மருத்துவர் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஹார்மோன் பிரிவில் வேலை பார்க்கும் டெக்னீஷியன். வருகிற டியூப்களைச் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, மெஷினில் ஏற்றி, வரும் எண்ணை நம்பலாமா வேண்டாமா என்று பார்ப்பது என் வேலை. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என் எல்லைக்குள் வராது. படிக்கும் காலத்தில் நாளமில்லாச் சுரப்பிகள் ஒரு படத்தில் வரிசையாக இருந்தன: இது பிட்யூட்டரி, இது தைராய்டு, இது அட்ரீனல், இது சுரப்பது இன்னது. மனப்பாடம் செய்து எழுதினேன், தேறினேன். அவை ஒன்றையொன்று விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கின்றன என்பது இந்த மேஜைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஒரு ஹார்மோனை அதை ஏவும் ஹார்மோனோடும், ரத்தம் எடுத்த நேரத்தோடும் சேர்த்துப் படிக்காவிட்டால், எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த எண் பாதி வாக்கியம்தான்.

தைராய்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுக்கு வரும் டியூப்களில் பெரும்பங்கு அதுதான்.

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயை அணைத்தபடி இரண்டு மடல்களாக இருக்கும் சுரப்பி அது. பெரியவர்களுக்கு 15 முதல் 25 கிராம் எடை. அதற்கு உத்தரவு வருவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியிலிருந்து. ஸ்பீனாய்டு எலும்பில் உள்ள ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பிட்யூட்டரியின் எடை சுமார் அரை கிராம். அதன் முன்பாதியும் பின்பாதியும் பிறப்பிலேயே வேறு வேறு. முன்பாதி, கருவின் வாய்க்கூரையிலிருந்து மேலேறி வந்த திசு. பின்பாதி, மூளையிலிருந்து கீழே இறங்கிய நரம்புத் திசு. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை, விதைப்பை எல்லாவற்றையும் ஏவுவது முன்பாதி. அந்த முன்பாதியை ஏவுவது அதற்கும் மேலே உள்ள ஹைபோதலாமஸ். இரண்டுக்கும் இடையில் தனியாக ஒரு ரத்தக்குழாய் வலை உண்டு. ஹைபோதலாமஸ் விடும் ஹார்மோன் உடல் முழுக்கச் சுற்றி நீர்த்துப்போகாமல் நேராகப் பிட்யூட்டரியில் இறங்குகிறது. அதனால்தான் அந்த மேல்மட்ட ஹார்மோன்களை நாங்கள் கை நரம்பில் எடுத்த ரத்தத்தில் தேடுவதில்லை. அங்கே வந்து சேரும்போது அளக்கும்படி எதுவும் மிஞ்சியிருக்காது.

பிட்யூட்டரி விடுவது டி.எஸ்.எச். தைராய்டு பதிலுக்கு விடுவது பெரும்பாலும் டி4, கொஞ்சம் டி3. டி4 குறைந்தால் டி.எஸ்.எச் ஏறும், டி4 கூடினால் டி.எஸ்.எச் இறங்கும். அதுவும் சமமாக ஏறி இறங்காது. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச் நூறு மடங்கு வரைகூட ஏறலாம். அதனால் தைராய்டு சற்றே தளர்ந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது டி.எஸ்.எச்தான், டி4 இல்லை. "டி.எஸ்.எச் மட்டும் பார்த்தால் போதும்" என்ற பழக்கம் வந்ததற்குக் காரணம் இதுதான். பெரும்பாலானவர்களுக்கு அது போதும்தான்.

போதாமல் போன ஒரு டியூப் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடுத்தர வயதுப் பெண். மாதக்கணக்கில் சோர்வு, குளிர் தாங்கவில்லை, மாதவிலக்கு நின்றுவிட்டது. இரண்டு முறை டி.எஸ்.எச் பார்த்திருக்கிறார்கள், இரண்டு முறையும் நார்மல். மூன்றாவது முறை வேறொரு மருத்துவர் டி.எஸ்.எச்சோடு ஃப்ரீ டி4-ஐயும், அதாவது ரத்தப் புரதங்களில் ஒட்டாமல் தனியாக உலவும் டி4-ஐயும், சேர்த்து எழுதியிருந்தார். டி.எஸ்.எச் மறுபடியும் நார்மல். ஃப்ரீ டி4 கீழ்வரம்புக்கும் கீழே. நாங்கள் திருப்பிப் போட்டுப் பார்த்தோம், அதே எண். டி4 இவ்வளவு தாழ்ந்திருக்கும்போது டி.எஸ்.எச் இருபது, முப்பது என்று கத்த வேண்டும். கத்தவில்லை என்றால் கோளாறு தைராய்டில் இல்லை, உத்தரவு போடும் இடத்தில் இருக்கிறது. ஃபோனில் பேசும் ஒருவரின் பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு உரையாடல் சுமுகமாகத்தான் போகிறது என்று முடிவுகட்டியதைப் போலத்தான் முதல் இரண்டு ரிப்போர்ட்டும். மருத்துவரை அழைத்துச் சொன்னோம். ஸ்கேனில் பிட்யூட்டரியில் கட்டி இருந்தது பின்னால் தெரியவந்தது. பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் இரு பக்க ஓரப் பார்வை முதலில் மங்கும். அந்தப் பெண் சில காலமாகவே நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டிருந்தாராம். கவனக்குறைவு என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

எனவே அறிகுறிகள் பலமாக இருந்து டி.எஸ்.எச் மட்டும் நார்மல் என்று வந்தால், "ஃப்ரீ டி4 பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்கள் சொல்லலாம். அளவு மாற்றிய பத்தாம் நாளே வந்து டி.எஸ்.எச் பார்ப்பவர்கள் நிறைய. டி4-இன் அரையாயுள், அதாவது ரத்தத்தில் இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். அது ரத்தத்தில் ஒரு நிலைக்கு வரவே ஐந்து வாரம் ஆகும், பிட்யூட்டரி அதை உணர்ந்து தன் அளவை மாற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம். 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்வதற்கு இதுதான் காரணம். பத்தாம் நாள் எண் பழைய அளவுக்கும் சேராது, புதிய அளவுக்கும் சேராது. இன்னொன்று, காலை மாத்திரையைப் போட்டுவிட்டு நேராக ரத்தம் கொடுக்க வருவது. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறியிருக்கும். ரத்தம் கொடுத்துவிட்டுப் போட்டுக்கொண்டால் அந்தக் குழப்பம் இல்லை. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். டி.எஸ்.எச் ஒரு ரிப்போர்ட்டில் நல்லபடியாகவும் அடுத்ததில் ஏறியும் ஊசலாடும் பலரிடம் விசாரித்தால் இந்த இடைவெளிதான் விட்டுப்போயிருக்கும்.

இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்து வரும் கதை புரியாது. ஃப்ரீ டி4 ஒரு டெசிலிட்டரில் ஏறத்தாழ ஒரு நானோகிராம். அதாவது 100 மில்லிலிட்டரில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. சாதாரண வேதியியல் முறையில் இதை எட்டவே முடியாது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களில் இன்சுலினை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஊசி வழியாக இன்சுலின் பெற்றவர்களின் உடலில் அதற்கு எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) உருவாவதைக் கண்டார்கள். அந்த எதிர்ப்புரதத்தையே அளவுகோலாக்கினால் என்ன என்று யோசித்ததுதான் திருப்புமுனை. கதிரியக்கம் ஏற்றிய ஹார்மோனும் நோயாளியின் ஹார்மோனும் ஒரே எதிர்ப்புரதத்துக்குப் போட்டியிடும். எது எவ்வளவு ஒட்டியது என்று எண்ணினால் அளவு கிடைத்துவிடும். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972-இலேயே இறந்துவிட்டதால் அவர் பெயர் அதில் இல்லை. அதே ஆண்டின் பரிசில் மறுபாதியை ஹைபோதலாமஸ் ஹார்மோன்களைப் பிரித்தெடுத்த கியுமனும் ஷாலியும் பகிர்ந்துகொண்டார்கள். நான் வேலை பார்க்கும் மேஜையே அந்த ஒரு ஆண்டின் பரிசில் அடங்கிவிடும் என்று சில நேரம் தோன்றும்.

இப்போது பெரும்பாலான மெஷின்களில் கதிரியக்கம் இல்லை, ஒளிதான். எதிர்ப்புரதம் அப்படியே இருக்கிறது. அதை ஒரு காந்தத் துகளின் மேல் ஒட்டவைக்கப் பல கம்பெனிகள் பயன்படுத்தும் பசை பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடின் என்ற ஜோடி. இரண்டும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பயோட்டின் என்பது முடி வளர, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் இருக்கும் அதே வைட்டமின்தான்.

ஒரு நாள் இளம்பெண் ஒருவரின் ரிப்போர்ட்: டி.எஸ்.எச் ஏறக்குறைய பூஜ்யம், ஃப்ரீ டி4 ஏறியிருக்கிறது, ஃப்ரீ டி3 ஏறியிருக்கிறது. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயைப் பாடப்புத்தகத்தில் எப்படி எழுதியிருக்குமோ அப்படி. அந்த நோய்க்கான எதிர்ப்புரதச் சோதனையும் பாசிட்டிவ். ஆனால் ஃபோனில் மருத்துவர் சொன்னது வேறு. நாடித்துடிப்பு சாதாரணம், கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை, கண்ணிலும் ஒன்றும் இல்லை. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. எங்களுக்கு இப்படிப்பட்ட அழைப்பு வந்தால் முதலில் கேட்பது ஒன்றுதான்: முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார். தினம் 10,000 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடலுக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் அளவுதான்.

மருத்துவர் அந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்லி மறுபடி ரத்தம் அனுப்பினார். எல்லா எண்ணும் நார்மல். தைராய்டில் ஒரு கோளாறும் இருந்ததே இல்லை.

நடந்தது இது. ரத்தத்தில் மிதந்த பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடினை முன்கூட்டியே அடைத்துக்கொண்டது. டி.எஸ்.எச் சோதனையில் இரண்டு எதிர்ப்புரதங்கள் ஹார்மோனை நடுவில் பிடித்து ஒளிரும். பசை இல்லையென்றால் ஒளி குறையும், எண் தாழும். டி4 சோதனை போட்டி முறையில் நடப்பது. அங்கே ஒளி குறைந்தால் ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம், எண் ஏறும். ஒரே மாத்திரை ஒரே டியூபில் ஒன்றை இறக்கி, மற்றதை ஏற்றி, இல்லாத நோயை அச்சு அசலாக வரைந்துவிட்டது. இதில் பயப்பட வேண்டியது தைராய்டு மட்டும் இல்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கப் பயன்படும் ட்ரோபோனின் சோதனையும் சில மெஷின்களில் இதே பசையில்தான் ஓடுகிறது, பொய்யாகத் தாழ்ந்து காட்டலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி வெளிப்படையாக எச்சரித்தது. பயோட்டின் சாப்பிடுபவர்கள் தைராய்டு சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பு நிறுத்துவது நல்லது, பெரிய அளவில் சாப்பிட்டால் இன்னும் கூட. எல்லா மெஷினிலும் இந்தச் சிக்கல் கிடையாது. எந்தக் கூடத்தில் எந்த மெஷின் என்று உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்லிவிடுவதே வழி. "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்றால் பலரும் இல்லை என்கிறார்கள். வைட்டமினை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் இப்போதெல்லாம் "முடிக்கு, நகத்துக்கு, தோலுக்கு?" என்றே கேட்கிறேன்.

அடுத்து நேரம். இதில் கார்டிசாலை விடப் பிடிவாதமான ஹார்மோன் வேறு இல்லை.

சிறுநீரகங்களின் தலையில் ஒன்றொன்றாக அமர்ந்திருப்பவை அட்ரீனல்கள். வலது பக்கத்தது கிட்டத்தட்ட முக்கோணம், இடது பக்கத்தது பிறை. ஒவ்வொன்றும் 4, 5 கிராம். வெட்டிப் பார்த்தால் வெளியே மஞ்சள் நிறப் புறணி, உள்ளே கருஞ்சிவப்பான மையம். புறணியின் மூன்று அடுக்குகளில் மேலடுக்கு உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனையும், நடு அடுக்கு கார்டிசாலையும், கீழடுக்கு ஆண்தன்மை ஹார்மோன்களையும் செய்கிறது. உள் மையம் அட்ரினலினைச் செய்கிறது. இந்த மையம் உண்மையில் நரம்பு மண்டலத்தின் உறவினர். இரண்டு வேறு வம்சாவளிச் சுரப்பிகளை ஒரே உறைக்குள் வைத்த மாதிரி அமைப்பு. பிட்யூட்டரியிலும் இதே கதைதான் என்பதை மேலே பார்த்தோம்.

கார்டிசால் விடிகாலையில் ஏறி, காலை 8 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும். நாள் போகப்போக இறங்கி நள்ளிரவில் ஏறக்குறைய அடிமட்டத்தைத் தொடும். மாலை ஐந்து மணிக்கு எடுத்த ரத்தத்தைக் காலை நேர அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஆரோக்கியமான ஆளுக்கும் குறைவு என்றுதான் வரும். வேலை முடிந்து போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று மாலையில் வந்த ஓர் இளைஞருக்கு அப்படித்தான் "கார்டிசால் குறைவு" என்று ரிப்போர்ட் போய், அவர் இரவெல்லாம் அட்ரீனல் செயலிழப்பைப் பற்றிப் படித்துத் தூங்காமல் இருந்திருக்கிறார். மறுநாள் காலை எடுத்ததில் ஒரு குறையும் இல்லை. இதைவிட நுட்பமான சங்கதி, கார்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய்க்கு எங்களிடம் வருவது நள்ளிரவு எச்சில். அந்த நோயில் முதலில் காணாமல் போவது இரவு இறக்கம். காலை எண் பல நேரம் சாதாரணமாகவே இருக்கும். அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. இன்னொரு சோதனையும் இதே தர்க்கத்தில் நடக்கிறது. இரவு 11 மணிக்கு டெக்சாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டை 1 மில்லிகிராம் கொடுத்து, காலை 8 மணிக்குக் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கியதா என்று பார்ப்பார்கள்.

இரவுப் பணி செய்பவர்களுக்கு இந்தக் கடிகாரம் இடம் மாறியிருக்கும். எனக்கே இரவு டியூட்டி வாரங்களில் காலை எட்டு மணி என்பது படுக்கப் போகும் நேரம். அப்படிப்பட்டவர்கள் எப்போது தூங்கி எப்போது எழுந்தார்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்வது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கார்டிசாலைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்தக் கார்டிசாலும் கூடியே தெரியும். மூட்டுவலிக்கு, ஆஸ்துமாவுக்கு, தோலுக்கு என்று ஸ்டீராய்டு எடுப்பவர்களின் நிலை நேரெதிர். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடும், அட்ரீனல் சும்மா இருந்து சுருங்கிப் போகும். நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பது இதனால்தான். எங்கள் மேஜையில் மிகத் தாழ்ந்த கார்டிசால் வந்து, விசாரித்தால் வலி மாத்திரை என்று பெயர் தெரியாமல் சாப்பிட்ட ஸ்டீராய்டு என்று தெரியவரும் சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. ஸ்டீராய்டு எடுத்ததை ரத்தம் எடுப்பவரிடம் மறைக்காதீர்கள். களிம்பும் இன்ஹேலரும்கூடக் கணக்கு.

அட்ரீனலை ஏவும் ஏ.சி.டி.எச்சைப் பற்றி ஒரே வரி. ஊதா மூடி டியூபில், ஐஸில் வைத்து, தாமதிக்காமல் வர வேண்டும். சாதாரண வெப்பத்தில் அது டியூபுக்குள்ளேயே சிதையும். அந்தச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் ஐஸ் இல்லையென்றால் கேளுங்கள்.

பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோனான புரோலாக்டின் வேறு மாதிரி. பிட்யூட்டரியின் மற்ற ஹார்மோன்கள் மேலிருந்து ஏவினால் வெளியே வரும். புரோலாக்டினோ, மேலிருந்து டோபமைன் விடாமல் அடக்கிவைத்திருப்பதால்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் ஏறிவிடும். வாந்திக்குக் கொடுக்கும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், மனநல மருந்துகளில் சில, எல்லாம் டோபமைனைத் தடுப்பவை. ஆகவே புரோலாக்டின் ஏறும். தைராய்டு தளர்ந்தவர்களுக்கும் ஏறும். ஊசியைக் கண்ட பயத்திலும் படியேறி வந்த மூச்சிரைப்பிலும்கூடக் கொஞ்சம் ஏறும். லேசாக ஏறிய புரோலாக்டினோடு வருபவர்களைக் கால் மணி, இருபது நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்தால் கணிசமானவர்களுக்கு இறங்கிவிடுகிறது. உட்காராமல் நேராக ஸ்கேனுக்கு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பொறி ஒன்று உண்டு. ஒரு சீட்டில் மருத்துவர் கையால் எழுதியிருந்தார்: "பிட்யூட்டரியில் பெரிய கட்டி, பார்வை பாதிப்பு." புரோலாக்டின் எண் வந்தது, சுமாராகத்தான் ஏறியிருந்தது. அவ்வளவு பெரிய கட்டி புரோலாக்டினைச் சுரப்பதாக இருந்தால் எண் ஆயிரங்களில் இருக்க வேண்டும். சுரக்காத கட்டி என்று முடிவாகியிருந்தால் அவர் நேராக அறுவை மேஜைக்குப் போயிருப்பார். அந்தக் குறிப்பைப் பார்த்ததால் சீரத்தை நூறு மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டினோம். எண் ஆயிரங்களுக்குப் பாய்ந்தது. ஹார்மோன் மிதமிஞ்சி இருக்கும்போது இரண்டு எதிர்ப்புரதங்களும் தனித்தனி மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டு, நடுவில் சேரவே சேராது, ஒளி குறைந்துபோகும். புரோலாக்டின் சுரக்கும் கட்டி பெரும்பாலும் மாத்திரையிலேயே சுருங்கும். அந்தக் கைக்குறிப்பு இல்லையென்றால் எங்களுக்கு நீர்த்துப் பார்க்கத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகம். சோதனைச் சீட்டில் நோய்க்குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விட்டு அனுப்புவது வாடிக்கையாகிவிட்டது. முடிந்தால் மருத்துவரிடம் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாராதைராய்டுகளுக்கு வருகிறேன். தைராய்டின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும் இவை பெரும்பாலோருக்கு நான்கு. ஒவ்வொன்றும் 30 முதல் 50 மில்லிகிராம். மனித உடலில் இவற்றை ஐவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் மருத்துவ மாணவர் 1880-இல் விவரித்தார். பெரிய உறுப்புகளில் கடைசியாக அடையாளம் காணப்பட்டது இதுதான் என்பார்கள். கீழ் ஜோடி, கரு வளரும்போது தைமஸ் சுரப்பியோடு சேர்ந்து இறங்குவதால் சிலருக்கு மார்புக்கூட்டுக்குள்ளேகூடப் போய் நின்றிருக்கும். அறுவை மருத்துவர்கள் இதைத் தேடிச் சலித்துப்போவதை நேரில் பார்க்க முடியாவிட்டாலும் எங்களுக்கு ஃபோனில் கேட்கும். அவை சுரக்கும் பி.டி.எச்சின் அரையாயுள் சில நிமிடங்கள்தான். அதனால் பெருத்த பாராதைராய்டை வெட்டி எடுத்த 10 நிமிடத்தில் ரத்தம் எடுத்து அனுப்புவார்கள். முதலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் சரியான சுரப்பியை எடுத்தாயிற்று, கழுத்தை மூடலாம். இறங்கவில்லையென்றால் இன்னொன்று எங்கோ ஒளிந்திருக்கிறது. நோயாளி மயக்கத்தில், கழுத்து திறந்தபடி, அங்கே எல்லோரும் எங்கள் மெஷினின் எண்ணுக்காகக் காத்திருப்பார்கள். மற்ற நாட்களில் யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் அறைக்கு அந்த நேரத்தில் மட்டும் தனி மரியாதை.

ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றுவது பி.டி.எச்சின் வேலை. அதனால் அதைத் தனியாகப் படிக்கவே கூடாது, கால்சியத்தோடுதான். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச் அடங்கிக் கீழே கிடக்க வேண்டும். அப்போது பி.டி.எச் "நார்மல்" என்று அச்சானால் அந்த நார்மலே கோளாறின் அடையாளம். கால்சியத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். கையில் பட்டையை இறுக்கி நெடுநேரம் விட்டால் ரத்தத்தில் புரதம் செறிந்து மொத்தக் கால்சியம் ஏறித் தெரியும். ஒரு முறை கால்சியம் நம்பவே முடியாத அளவு தாழ்ந்து, பொட்டாசியம் உயிரோடு இருப்பவருக்கு இருக்கவே முடியாத அளவு ஏறி வந்தது. சீரம் டியூபில் ரத்தம் போதவில்லை என்று ஊதா மூடி டியூபிலிருந்து கொஞ்சம் ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஊதா டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் பொட்டாசியம் இ.டி.டி.ஏ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தைக் கொட்டிவிடும். ஒரு டியூபிலிருந்து இன்னொன்றுக்கு யாராவது ஊற்றுவதைக் கண்டால், மரியாதையாகவே, மறுபடி எடுக்கச் சொல்லிவிடுங்கள். இன்னொரு குத்து வலித்தாலும் பரவாயில்லை.

இனப்பெருக்க ஹார்மோன்களில் நாள் கணக்குதான் எல்லாம். சினைப்பையை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோன்களான எஃப்.எஸ்.எச், எல்.எச் மாதவிலக்கின் 2 முதல் 5-ஆம் நாளுக்குள். கருமுட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன், அடுத்த விலக்குக்கு ஏழு நாள் முன்பு. இருபத்தெட்டு நாள் சுழற்சிக்கு அது 21-ஆம் நாள். சுழற்சி முப்பத்தைந்து நாள் என்றால் 28-ஆம் நாள். "எல்லோருக்கும் 21" என்று எடுத்துவிட்டு முட்டை வரவில்லை என்று அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி விலக்குத் தேதி எழுதாத சீட்டில் இந்த எண்களுக்கு நான் அர்த்தம் சொல்லவே மாட்டேன். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் காலையில், வெறும் வயிற்றில். குறைந்தால் இன்னொரு காலையில் மறுபடி. வளர்ச்சி ஹார்மோன் துடிப்பு துடிப்பாக, பெரும்பகுதி ஆழ்ந்த தூக்கத்தில் வெளியாவதால் பகலில் சும்மா ஒரு முறை எடுத்த எண் எதையும் சொல்லாது. அதன் ஏவலில் கல்லீரல் செய்யும் ஐ.ஜி.எஃப்-1 நாள் முழுக்கச் சீராக இருக்கும், அதைப் பார்ப்பார்கள்.

கணையத்தில் ஒன்று மட்டும். சர்க்கரை இறங்கி மயங்கிய ஒருவருக்கு இன்சுலின் ஏறியிருந்தால், அது அவர் கணையம் விட்டதா, வெளியிலிருந்து ஊசியில் போனதா? கணையம் இன்சுலினைச் செய்யும்போது சி-பெப்டைடும் சமமாகச் சேர்ந்தே வெளியே வரும். ஊசி இன்சுலினில் அது இருக்காது. இன்சுலின் ஏறி, சி-பெப்டைடு அடங்கியிருந்தால் ஊசிதான். மாத்திரையால் தூண்டப்பட்டதா என்பது அடுத்த கேள்வி, அதற்கு வேறு சோதனை உண்டு. ரத்தத்தைத் தாறுமாறாக உறிஞ்சி எடுத்துச் சிவப்பணுக்கள் உடைந்துபோன டியூபில் இன்சுலினைப் பார்க்காதீர்கள். அணுக்களுக்குள் இருக்கும் நொதி இன்சுலினைத் தின்றுவிடும்.

கடைசியாக, அந்தத் தடித்த எழுத்து. ரிப்போர்ட்டில் அடைப்புக்குள் இருக்கும் நார்மல் வரம்பு, ஆரோக்கியமான நூறு பேரை அளந்தால் நடுவில் வரும் தொண்ணூற்றைந்து பேரின் எல்லை. மீதி ஐந்து பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், தடித்த எழுத்தில் அச்சாவார்கள். அதனால் முழு உடல் பரிசோதனை என்று இருபது, முப்பது சோதனைகளை ஒன்றாகப் போட்டால், ஒன்றிரண்டு வெளியே விழாவிட்டால்தான் ஆச்சரியம். வரம்பு மெஷினுக்கு மெஷின் மாறும். அலகும் மாறும். கார்டிசால் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று ஒரு கூடமும் லிட்டருக்கு 276 நானோமோல் என்று இன்னொரு கூடமும் அச்சடித்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். "போன தடவை பத்து, இப்போது இருநூற்று எழுபது" என்று பதறிக்கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு.

தைராய்டில் இன்னொரு நுணுக்கம். அச்சிட்ட டி.எஸ்.எச் வரம்பு அகலமானது, ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. ஆனால் ஒரு தனிமனிதரின் டி.எஸ்.எச் வருடக்கணக்கில் அதற்குள் ஒரு குறுகிய பட்டைக்குள்தான் உலவும். என்றைக்கும் ஒன்றையொட்டி இருந்தவருக்கு மூன்றரை என்பது வரம்புக்குள் இருந்தாலும் இடமாற்றம்தான். என்றைக்கும் மூன்றரையில் இருப்பவருக்கு அதே எண்ணில் செய்தியே இல்லை. ஆகவே பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். முடிந்தவரை ஒரே கூடத்தில், ஒரே நேரவாக்கில் கொடுங்கள். புதிய எண்ணோடு பழைய மூன்று நான்கையும் தேதிவாரியாக அடுக்கி மருத்துவரின் மேஜையில் வையுங்கள். அவருக்கு அச்சிட்ட வரம்பைவிட அது அதிகம் பயன்படும்.